தங்கச்சி கழுவிய பெட்டிகள்

என் கணவர் தனியார் பஸ் ஓட்டியவர். ஒரு விபத்தில் இடக்கால் முறிந்து, உள்ளே தகடு வைத்து, மாதக்கணக்கில் படுத்திருந்து எழும்பியபோது அந்தக் காலால் கிளச் மிதிக்க ஏலாமல் போய்விட்டது. ஓட்டோவுக்குக் கிளச் கையில்தானே இருக்கிறது என்று சொல்லி ஒரு பழைய ஓட்டோவை எடுத்தார். ஆனால் திருகோணமலையில் சந்திக்குச் சந்தி ஓட்டோ நிற்கிறது. ஓட்டம் கிடைக்காமல் திரும்பி வந்த நாட்கள்தான் அதிகம். வீட்டில் சமைத்து, பார்சல் கட்டி, கந்தோர்களுக்குக் கொடுக்கலாம் என்று தங்கச்சிதான் முதலில் சொன்னாள். சமைப்பது நான், கட்டுவது அவள், கொண்டுபோய்க் கொடுப்பது அவர் என்று ஆயிற்று.

தங்கச்சி என்னைவிட ஒன்பது வயது இளையவள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இதயத்தில் ஒரு வால்வைப் பழுதாக்கிவிட்டுப் போனது. கிணற்றில் நாலு வாளி அள்ளினால் ஐந்தாவது வாளிக்குக் களைத்துக் குந்திவிடுவாள். மாதம் ஒருமுறை கிளினிக், ஊசி, கைநிறைய மாத்திரை. இரண்டு கலியாணப் பேச்சு வந்து, இதய வருத்தம் தெரிந்ததும் நின்றுவிட்டது. அம்மா போன பிறகு பாலையூற்றில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் மூன்று பேர்தான்.

பார்சல் கட்டுவதில் அவளுக்கு நல்ல கைவாக்கு. பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் லன்ச் சீற் என்கிற மெல்லிய பொலித்தீன் தாளைப் போட்டு, கோப்பையால் சோற்றைக் கவிழ்த்து, சுற்றிவரக் கறிகளை வைத்து மடிப்பாள். குழம்பு ஒரு சொட்டு வெளியே வராது. பொலித்தீன் கூடாது என்று அரசாங்கம் சொன்னபோது மண்ணில் உக்கிப்போகும் தாள் என்று அச்சடித்த ஒன்று கடைக்கு வந்தது. அதையும் வாங்கினோம். எங்கள் வேலிக்குப் பின்னால் கிடந்த அந்தத் தாள் இரண்டு மாரி கடந்தும் அப்படியே கிடந்தது. அதைப்பற்றி அப்போது நாங்கள் ஒன்றும் யோசிக்கவில்லை.

ஒரு கிளினிக் நாள், ஊசி போட்டு முடிந்ததும், பார்சல் கொடுக்க வரும் அவரோடு திரும்பி வருவதாக இருந்தாள் தங்கச்சி. வழக்கமான நேரத்துக்கு அவர்கள் வரவில்லை. வந்தபோது அவள் என்னோடு கதைக்காமல் நேரே கிணற்றடிக்குப் போய்க் கைகால் கழுவினாள். சாப்பிடக் கூப்பிட்டேன். வேண்டாம் என்றாள். நடந்ததை அவர்தான் சொன்னார்.

கோட்டைப் பக்கம் புல்வெளியில் ஒரு பெண்மான் செத்துக் கிடந்திருக்கிறது. எங்கள் ஊரில் மான்கள் ஆட்டைப்போல் வீதியில் திரிகிறவை. பஸ் நிலையத்திலும் சந்தையிலும் நின்று குப்பையைக் கிளறும். யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. கால்நடை வைத்தியர் ஒருவர் அதன் வயிற்றைக் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சனம் சுற்றி நின்றது. இவர் ஓட்டோவைத் திருப்பப் பார்த்தார். தங்கச்சி இறங்கிப் போய்விட்டாள்.

"வயித்துக்குள்ள உரிக்காத தேங்காய் அளவு உருண்டை அக்கா," என்று பின்னேரம் என்னிடம் சொன்னாள். "முழுக்க லன்ச் சீற். சுருண்டு, இறுகி, றப்பர் பாண்டோட. சோத்து மணியும் ஒட்டிக்கொண்டு கிடந்தது."

குழம்பின் உப்புக்காகத்தான் மான்கள் அந்தத் தாளைத் தின்கின்றன என்று வைத்தியர் சொன்னாராம். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் தள்ளி இன்னொரு மான் பார்சல் தாள் ஒன்றை நக்கிக்கொண்டு நின்றதாம்.

எனக்கு அதைக் கேட்கச் சங்கடமாக இருந்தது. அடுத்த நாளைக்கு நாற்பது பார்சல் கட்ட வேண்டும் என்ற நினைப்பும் இருந்தது. "ஊரில எத்தினை சாப்பாட்டுக் கடை இருக்கு. அது எங்கட தாள் எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"எங்கட இல்லையெண்டு சொல்ல ஏலுமே அக்கா?" என்றாள்.

அடுத்த நாள் காலையில் மரக்கறி வெட்டினாள், தேங்காய் துருவினாள், அரிசி களைந்தாள். பார்சல் கட்டும் நேரம் வந்ததும் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டாள். நானே கட்டினேன். குழம்பு ஒழுகியது, ஒரு மணித்தியாலம் பிந்தியது, கந்தோர்க்காரர்களிடம் அவர் ஏச்சு வாங்கினார். இப்படி நாலு நாள். ஐந்தாம் நாள், கலியாணத்துக்கென்று அம்மா அவளுக்கு வைத்துவிட்டுப் போன ஒரு சோடித் தங்கக் காப்பை அலுமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனாள். திரும்பி வந்தபோது ஓட்டோ நிறைய எவர்சில்வர்ப் பெட்டிகள். கீழே சோறு, மேல்தட்டில் கறி, பக்கத்தில் கொளுவி மூடும் பெட்டி. ஓர் ஆளுக்கு இரண்டு. ஒன்று கந்தோரில் இருக்கும்போது மற்றது வீட்டில் கழுவிக் காய வேண்டும்.

நான் அழுதேன். காப்புக்காகத்தான் அழுதேன். அந்தக் காப்பு அலுமாரியில் இருக்கும்வரை அவளுக்கு ஒரு வாழ்க்கை வரும் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்கிறது. அவளுக்கு அந்த எண்ணம் எப்போதோ விட்டுப்போயிருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

துறைமுகப் பக்கத்துக் கந்தோர் ஒன்றில் வேலை செய்யும் கிண்ணியா முஸ்லிம் ஒருவர்தான் எங்கள் பெரிய வாடிக்கை. தன் கந்தோரில் பதினைந்து பேருக்கும் அவரே பார்சல் வாங்கிக் கொடுப்பார். அண்ணன் என்பதற்கு அவர்கள் சொல்வதுபோல் நானா என்று கூப்பிடுவோம். தங்கச்சி அவரிடம் நேரே போய், இனிப் பெட்டியில்தான் வரும், சாப்பிட்டுவிட்டு ஒருக்கால் அலசி மூடி வைத்தால் போதும், அடுத்த நாள் அத்தான் எடுத்துக்கொள்வார் என்று விளக்கினாள். அவர் தலையைச் சொறிந்தாராம். தான் சரி, மற்றவர்களைச் சம்மதிக்கச் செய்வது பெரும்பாடு என்றாராம். ஆனாலும் செய்தார்.

முதல் மாதம் பெரும் கஷ்டம். சூட்டோடு மூடியதில் சோறு வேர்த்து நீர் கோத்தது. பப்படம் தோலைப்போல் ஆகிவிட்டது. எறிந்துவிட்டுப் போகிற வசதி போய்விட்டது என்று பாதிப் பேர் கடைப் பார்சலுக்கு மாறினார்கள். பெட்டிகள் அலசாமல் வந்தன, மீன்முள்ளோடு வந்தன, ஒன்றில் சிகரட் துண்டு இருந்தது. தங்கச்சி முள்ளையும் துண்டையும் எடுத்து எறிந்துவிட்டுக் கழுவினாள். சோற்றைப் பெட்டியில் போட்டுப் பத்து நிமிஷம் திறந்து வைத்துப் பிறகு மூடப் பழகினாள். பப்படத்தைத் தனியாக ஒரு பெரிய தகர டின்னில் போட்டு, கந்தோரில் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். பின்னேரங்களில் கிணற்றடி பைப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் குந்தியிருந்து ஒவ்வொரு பெட்டியாகத் தேய்ப்பாள். பிறகு கொடியில் துணி விரிப்பதுபோல் வேலியோரம் பெட்டிகளை வரிசையாகக் கவிழ்த்து வைப்பாள்.

அதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் கிடைத்தது. பார்சல் போனால் போனதுதான். பெட்டி திரும்பி வரும்போது சாப்பிட்டவரைப்பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லும். மூடிகளில் ஆணியால் புள்ளி குத்தி, எது யாருடையது என்று அடையாளம் வைத்திருந்தாள். மூன்று புள்ளிக்காரருக்குப் பாகற்காய் பிடிக்காது, ஒதுக்கிவிடுகிறார், அவருக்கு வேறு ஏதாவது வையுங்கள் என்பாள். ஏழு புள்ளிக்காரர் ஒரு கிழமையாகப் பாதிச் சோற்றை மிச்சம் விடுகிறார் என்று கவலைப்பட்டாள். நானாவிடம் விசாரித்தபோது அந்த மனிதருக்குச் சீனி வருத்தம் கண்டிருந்தது தெரிந்தது. சோற்றைக் குறைக்கச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். அன்றிலிருந்து அவருக்குச் சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டினாள். பெட்டி துடைத்ததுபோல் வந்தது. முகம் தெரியாத அந்த மனிதருக்காக அன்று அவள் பட்ட சந்தோஷத்தை நான் வேறு எதிலும் கண்டதில்லை.

இப்படி இரண்டு வருஷம் போனது. பிறகு அவளுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது, தலையணையை உயர்த்திச் சாய்ந்தபடியே தூங்கினாள். கொழும்பில் ஒப்பரேசன் செய்ய வேண்டும், பெயரைப் பதிந்திருக்கிறோம், திகதி வரும் என்றார்கள். இருபது பெட்டி கழுவி முடிக்க முன்பெல்லாம் அரை மணித்தியாலம் எடுக்கும். இப்போது வெயில் சாயும்வரை இருந்தாள். நடுவில் நிறுத்தி முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். குசினி யன்னலால் நான் அதைப் பார்த்திருக்கிறேன். என் முதுகும் நோகும், நாளைக்கு ஊறப்போட வேண்டியது இருக்கும், சட்டிபானை கிடக்கும். கண்டும் காணாதவளாக இருந்த நாட்கள் எத்தனையோ. அவரும்தான். அவளே விரும்பிச் செய்கிறாள் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

ஒருநாள் காலையில் மூச்சு எடுக்க ஏலாமல் உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டுக்கு வந்தபோது முந்தின நாள் பெட்டிகள் கழுவாமல் கிடந்தன. எறும்பு மொய்த்திருந்தது. நான் இரண்டு நாள் சமைத்து, கழுவி, ஆஸ்பத்திரிக்கும் ஓடிப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவர் கடையில் லன்ச் சீற் கட்டு ஒன்றை வாங்கிவந்து மேசையில் வைத்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் வரும்வரைக்கும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேப்பரை விரித்தேன்.

பார்சல் என்றதும் வேலை எவ்வளவு இலேசாகிவிட்டது என்பதை நான் மறைக்கக் கூடாது. பின்னேரங்களில் கைகழுவிவிட்டு இருக்க முடிந்தது. விட்டுப்போன வாடிக்கைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். பெட்டிகளை உரச்சாக்கில் போட்டுக் கட்டிக் கோழிக்கூட்டுப் பக்கம் வைத்தோம்.

மத்தியானம் பார்க்கப் போகும்போது அவள் கேட்பாள், "பெட்டியள் எல்லாம் திரும்பி வருதோ அக்கா?"

"ஓம். வந்தது. கழுவி வச்சனான்."

"தனிய ஏலுதோ உங்களுக்கு?"

"ஏலும். நீ படு."

பத்து நாள் இப்படியே சொன்னேன். பொய் சொல்வதும் பழகிவிடுகிறது. சில நாள் அவள் கேட்கும் முன்பே சொன்னேன். எட்டுப் புள்ளிப் பெட்டி நெளிந்து வந்தது என்றுகூட ஒருநாள் இட்டுக்கட்டிச் சொன்னேன். அவள் அதை எப்படித் தட்டி நிமிர்த்துவது என்று எனக்குச் சொல்லித் தந்தாள்.

பதினோராம் நாள் நான் அவளுக்குக் கரண்டியால் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் உப்புவெளியிலிருந்து வந்த பெண் ஒருவர் இருந்தார். அவருடைய மகன் கந்தோரிலிருந்து நேரே வந்து, தாயின் கட்டில் ஓரத்தில் இருந்து பார்சலைப் பிரித்தார். பேப்பரைக் கண்டதுமே எனக்கு அடையாளம் தெரிந்தது. அது நான் அன்று காலையில் கட்டியது. கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, மீன் குழம்பு, மோர்மிளகாய். மணம் எங்கள் கட்டிலுக்கு வந்தது. தங்கச்சி தலையைத் திருப்பினாள்.

அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. ஒரு வாய் தாய்க்கு ஊட்டிவிட்டு, "நல்ல சாப்பாடு அம்மா. பாலையூற்றில இருந்து ஓட்டோவில வாறது. முந்திப் பெட்டியில தந்தவை. இப்ப பார்சல்தான், எங்களுக்கும் வசதி," என்றார்.

தங்கச்சி என் பக்கம் திரும்பவில்லை. நான் நீட்டிய கஞ்சியை மட்டும் வாங்கிக் குடித்தாள். கோப்பை முடியும்வரை குடித்தாள். அந்தப் பிள்ளை சாப்பிட்டு முடித்துத் தாளைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே இருந்த குப்பை வாளியில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

"ஏலாட்டி ஏலாதெண்டு சொல்லியிருக்கலாமே அக்கா," என்றாள்.

"நீ வந்ததும் திரும்பப் பெட்டிதான். இது கொஞ்ச நாளைக்கு."

"நான் கேட்டனானே. ஒவ்வொரு நாளும் கேட்டனான்."

கரண்டியைக் கழுவப் போகிறேன் என்று எழும்பி வெளியே வந்து, வாட்டின் நீளமான விறாந்தையில் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியும். பார்க்கும் நேரம் முடிந்ததென்று மணி அடிக்கும்வரை உள்ளே போகவில்லை.

அடுத்த கிழமை, வீட்டுக்குப் போகலாமென்று துண்டு வெட்டி அவளை அனுப்பினார்கள். கொழும்புத் திகதி வரும்வரை மாத்திரை போடச் சொன்னார்கள். வீட்டில் லன்ச் சீற் கட்டு குசினி மேசையில்தான் இருந்தது. அதை ஒளித்து வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் அதைக் கண்டாள். பின்வாசலில் கதிரையைப் போட்டு இருப்பாள். தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவளாக ஒரு கதையும் தொடங்கவில்லை. அவள் ஏதாவது கோபமாகக் கேட்டுவிட மாட்டாளா என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காலை அவர் மீன் வாங்கப் போயிருந்தார். நான் குசினியில் நின்றேன். பைப் ஓடுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், உரச்சாக்கை அவிழ்த்து நாலு பெட்டியை எடுத்துவந்து பலகையில் குந்திக் கழுவிக்கொண்டிருக்கிறாள். முகமெல்லாம் வேர்வை. தோள் மேலும் கீழும் போய்வருகிறது. எனக்கு வந்தது பயம். ஆனால் வாயில் வந்தது கோபம்.

"சாகப் போறியே? செத்துத்தான் என்னைப் பழி வாங்கப் போறியே?" என்று கத்தினேன். அவள் கையிலிருந்த பெட்டியைப் பறித்து எறிந்தேன். அது கிணற்றுக் கட்டில் பட்டு உருண்டு போனது.

"நாலு பெட்டிதானே அக்கா," என்றாள். எழும்பக் கை நீட்டினாள். தூக்கிவிட்டேன். அவள் பாரமே இல்லாமல் இருந்தாள்.

நாலாம் நாள் விடியற்புறம் திரும்ப மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், ஓட்டோவில், என் மடியிலேயே போய்விட்டாள். அந்த நாலு நாளில் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க நேரம் இருந்தது. நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன். கொழும்பிலிருந்து ஒப்பரேசன் திகதி ஐந்து கிழமைக்குப் பிறகு கடிதத்தில் வந்தது.

செத்தவீட்டுக்கு அயலட்டைச் சனம் நிறைய வந்தது. அடுத்த வீட்டுக்காரர்கள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள், நல்ல மனத்தோடு செய்தார்கள். பிளாஸ்டிக் கப்பில் கொடுத்தார்கள். அவளுடைய தலைமாட்டில் இருந்த எனக்கு முற்றமெல்லாம் அந்த வெள்ளைக் கப்புகள் உருளுவது தெரிந்தது. எழும்பிப்போய் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவளைக் கொண்டுபோன பிறகு அவர் நொண்டி நொண்டி ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பிறகு குந்தியிருந்து அழுதார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த அடுத்த நாள் நானா வந்தார். மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் ஒரு பெரிய பை. அதற்குள் பதினொரு பெட்டிகள். திரும்பி வராமல் தொலைந்துபோயிற்று என்று நாங்கள் விட்டவை.

"தங்கச்சி மௌத்தாகிட்டா எண்டு கேள்விப்பட்டதும் மேசை மேசையாப் போய்க் கேட்டன். ஒருத்தர் பேனை போட்டு வச்சிருந்தார். ஒருத்தர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சீனி போட்டு வச்சிருந்தார். எல்லாத்தையும் கழுவித்தான் கொண்டு வந்திருக்கன்," என்றார். பிறகு, தனக்கு இனிப் பார்சல் வேண்டாம், பெட்டியில் தர ஏலுமென்றால் தாருங்கள், ஏலாவிட்டால் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அதை அவர் கண்டிப்பாகச் சொல்லவில்லை. என்னைக் குற்றம் சொல்வதுபோலவும் சொல்லவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் சடங்கு கழிந்து நாங்கள் அடுப்பு மூட்டியபோது பெட்டியில்தான் தொடங்கினோம். எல்லோருக்கும் சொன்னோம். நாற்பது பேரில் பதினாலு பேர் நின்றார்கள். மற்றவர்கள் கடைப் பார்சலுக்குப் போய்விட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு முகம் இல்லை. அவர் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார், அதில் மிச்சச் செலவு ஓடுகிறது. பின்னேரம் இருவரும் பெட்டி கழுவுகிறோம். அவரால் குந்த ஏலாது. உயரமான வாங்கு ஒன்றைப் போட்டு, பெட்டியை அதன்மேல் வைத்து நின்றபடி தேய்க்கிறார். அதை அவள் இருக்கும்போதே செய்திருக்கலாம் என்று இருவருக்கும் தெரியும்.

கோட்டைப் பக்கம் மான்கள் இப்போதும் குப்பையைத்தான் மேய்கின்றன. எங்கள் பதினாலு தாள் குறைந்ததால் அந்த இடத்தில் ஒன்றும் மாறிவிடவில்லை. பிறகு ஏன் கழுவுகிறாய் என்று ஒரு நாள் அயல்வீட்டுக்காரி கேட்டாள். கழுவாமல் இருந்து பார்த்தேன், அது ஏலவில்லை என்றேன். அவளுக்கு விளங்கியதோ தெரியாது.

போன மாதம் மூதூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பெண் உத்தியோகத்தர் எங்களிடம் சாப்பாடு எடுக்கத் தொடங்கினார். நான் இன்னும் அவரைக் கண்டதில்லை. சனி ஞாயிறு ஊருக்குப் போய்வந்த பிறகு, அவருடைய பெட்டி கனமாகத் திரும்பி வந்தது. சாப்பாட்டை அப்படியே விட்டிருக்கிறாரோ என்று பயந்து திறந்தேன். கழுவித் துடைத்த பெட்டிக்குள் நிறையக் காட்டுப் பாலைப்பழம், மஞ்சளாக, பால் கசியக் கசிய. நான் என்னை அறியாமல் பின்வாசல் பக்கம் திரும்பி, "இஞ்ச வந்து பார்," என்றேன். அங்கே ஒருவரும் இல்லை. என் கணவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நானும் அவரும் கிணற்றுக் கட்டின்மேல் இருந்துகொண்டு, உதட்டில் பால் ஒட்ட ஒட்டத் தின்றோம். மிச்சத்தை ஒரு கோப்பைக்கு மாற்றினேன். அடுத்த நாளைக்கு அந்தப் பெட்டி வேண்டியிருந்தது.